எண்பது வீத வரவு

"நீங்கள் சொன்னதை நம்பித்தானே சேர் அவனை விட்டனாங்கள்."

அந்தத் தாய் இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. படங்கில் பரப்பியிருந்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்ல ஆசிரியர்களுக்குத் தெரியும். இதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல், அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2020 ஆம் ஆண்டு சிறுபோக அறுவடைக் காலம் அது. கொரோனாவின் முதல் அலை ஓய்ந்து பாடசாலைகள் திறந்திருந்தன. தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்த அவருடைய மகன், இனிப் போகமாட்டேன் என்று பாயில் படுத்துவிட்டான். ஆறுநாள் கேட்டும் காரணம் சொல்லவில்லையாம். ஏழாம் நாள் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள்.

அவனுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பதினொராம் வகுப்பு வரை விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். 2008 இன் கடைசியில் அக்கராயன் சனம் முழுவதும் எழும்பி ஓடி, முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமில் இருந்து, 2010 இல் திரும்பி வந்தபோது அவனும் தகப்பனுடைய சைக்கிளின் பின்னால் இருந்து வந்தவன். தகப்பனுக்கு முதுகில் ஷெல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. சாதாரண தரத்தில் அவன் எடுத்த பெறுபேற்றைப் பார்த்து, "உயிரியல் எடு, கிளிநொச்சிக்குப் போய்ப் படி" என்று சொன்னவன் நான். 2016 இல் உயர்தரம் எழுதி, இஸட் புள்ளி வந்த பிறகு, மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை என் வீட்டு மேசையில் விரித்துவைத்து, பாடநெறிகளின் விருப்ப வரிசையை நிரப்பியவனும் நான்தான். அவன் பக்கத்தில் நின்றான். இருக்கச்சொல்லியிருந்தேனா என்பது நினைவில்லை.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இந்த நாட்டில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மன்னாரும் வவுனியாவும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. இதனால் எங்கள் பிள்ளைகள் கொழும்புப் பிள்ளைகளை விடக் குறைந்த புள்ளியோடு உள்ளே போகிறார்கள். இதைக் குறை சொல்பவர்களோடு நான் பல தடவை வாதாடியிருக்கிறேன். ஆனால் வாசலை அகலத் திறந்துவிட்ட அரசாங்கம், வாசலுக்கு உள்ளே வருபவனை எதிர்கொள்ள ஒருவரை நிறுத்தியிருக்கிறதா என்று நான் அன்றுவரை யோசித்ததில்லை. கம்பஸ் எடுபட்டாயிற்று என்றால் ஆசிரியரின் வேலை முடிந்தது என்றே நினைத்திருந்தேன். அவன் பெயரைப் பாடசாலை வாசலில் பதாகை கட்டித் தொங்கவிட்டோம். அவன் படிப்பைவிட்டு வந்தபோதும் அந்தப் பதாகை வெயிலில் நிறம் மங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னேரம் குளக்கட்டில் வைத்துத்தான் அவன் வாய் திறந்தான். பல்கலைக்கழகம் மூடப்பட்ட மாதங்களில் சூம் வகுப்புக்கு சிக்னல் தேடி அவன் ஏறி நின்ற இடமும் அதுதான். கதை சிறியது. 2019 பெப்ரவரியில் தகப்பனுக்கு முதுகு நோ கூடி நடக்க முடியாமல் போயிருக்கிறது. காலபோகம் வெட்டவேண்டும், கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லை. இவன் பஸ் ஏறி வந்துவிட்டான். மூன்று கிழமை நின்றான். திரும்பிப் போனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் சரி என்று நினைத்தான். பருவத்தின் முடிவில் பரீட்சைக்குத் தகுதி பெறாதோர் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. இரண்டு பாடத்தில் இவனுடைய இலக்கம். வரவு எண்பது வீதத்துக்குக் குறைவு.

மீள்பரீட்சையாக எழுதலாம் என்றார்கள். எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 'சி'க்கு மேல் கிடையாது என்பதும், அது தரப் புள்ளிச் சராசரியை இழுத்து விழுத்தும் என்பதும், அதனால் தான் விரும்பிய சிறப்புக் கற்கைக்குள் போக முடியாது என்பதும் அவனுக்கு ஒவ்வொன்றாக, ஒவ்வொரு பருவத்தில், ஒவ்வொரு சிநேகிதன் மூலம் தெரியவந்தன. தகப்பனுடைய நோய்க்கு ஒரு கடிதமும் வைத்தியசாலைத் துண்டும் வைத்து, போவதற்கு முன்னரே பீடத்துக்கு விண்ணப்பித்திருக்கலாம் என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் தெரியவந்தது.

"உனக்கெண்டு ஒரு ஆலோசகர் இல்லையா?"

"இருக்கிறார் சேர். எங்கட பட்ச்சில நாப்பது பேருக்கு ஒராள். முதல் கிழமை ஒருக்காச் சந்திச்சனாங்கள். பிறகு ஒவ்வொரு செமஸ்டருக்கும் பாடம் பதியிற ஃபோமில சைன் வைப்பார். கொரிடோரில லைனில நிண்டு குடுக்கிறது."

"அவரிட்டப் போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"என்னெண்டு சேர் சொல்றது? அவர் இங்கிலீசில எல்லே கேப்பார்."

எனக்கு அவன்மீது கோபம் வந்தது. இருபத்து மூன்று வயது ஆம்பிளை, வாய் இல்லையா என்று கேட்டும்விட்டேன். மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போதுதான் வேறொன்று உறைத்தது. நாலு வருடம் என் வகுப்பில் இருந்தவன் அவன். ஒரு நாளாவது என் மேசைக்கு வந்து, "சேர், எனக்கு இது பிரச்சினை" என்று சொன்னானா? இல்லை. சொல்லாத பிள்ளையைத்தான் நான் நல்ல பிள்ளை என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதினேன். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, கேட்டால் மட்டும் பதில் சொல்வதை மரியாதை என்று பழக்கியது நாங்கள். அப்படிப் பழகிய பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவரின் அறைக் கதவைத் தட்டவில்லை என்று குற்றஞ்சாட்ட எனக்கு என்ன உரிமை?

இதையெல்லாம் மனதுக்குள் வைத்திருந்த எனக்கு 2023 இல் ஓர் அழைப்பு வந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில், விரிவுரையாளர்களை நல்ல கல்வி ஆலோசகர்களாகப் பயிற்றும் ஒரு நாள் பட்டறை. பாடசாலைப் பக்கத்திலிருந்து ஒருவர் இருபது நிமிடம் பேசவேண்டும். அங்கு விரிவுரையாளராக இருக்கும் பழைய நண்பர் ஒருவர் என் பெயரைக் கொடுத்திருந்தார். நான் ஆசிரியர் கலாசாலையோடு நின்றவன், கம்பஸ் வாசலை மிதிக்காதவன், கலாநிதிகளுக்கு நான் என்ன சொல்வது என்று தயங்கினேன். "அதுக்காகத்தான் கூப்பிடுறம்" என்றார்.

அங்கே போவதற்கு முன் கொஞ்சம் விசாரித்து அறிந்தேன். இலங்கையில் பல்கலைக்கழக ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென்று கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் 1997 இல் தொடங்கப்பட்டது. பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் அவ்வாறான நிலையங்கள் வந்தன. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவர் பதவியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு இப்படியொரு பயிற்சியை முடித்திருக்கவேண்டும். பாடத்திட்டம் அமைப்பது, விரிவுரை செய்வது, வினாத்தாள் எழுதுவது எல்லாம் அதில் உண்டு. மாணவருக்கு ஆலோசனை கூறுவதும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஒரு பிற்பகல் விரிவுரை என்றார் நண்பர். ஆலோசனை கூறுவது எப்படி என்று ஒருவர் மேடையில் நின்று சொல்ல, மற்றவர்கள் குறிப்பெடுப்பது.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் இரண்டு வருடம் இருந்தோம். உளவியல் புத்தகத்தில் படித்தவை பாதி மறந்துவிட்டன. மறக்காதது கற்பித்தல் பயிற்சி. பாடக்குறிப்பை எழுதிக்கொண்டு போய், பக்கத்துப் பாடசாலையில், உண்மையான நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கவேண்டும். விரிவுரையாளர் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்து பார்ப்பார். முடிந்ததும் மரத்தடியில் வைத்து, "பலகைப் பக்கம் திரும்பி நின்று எத்தனை நிமிடம் கதைத்தீர் தெரியுமா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி பத்து விரிவுரைக்குச் சமம். பயிற்சி என்றால் எனக்கு அதுதான். செய்யவேண்டும், செய்வதை ஒருவர் பார்க்கவேண்டும், பார்த்ததைச் சொல்லவேண்டும்.

ஆகவே பட்டறையில் நான் பேசவில்லை. கணினித் திரையில் வரைவிலக்கணங்கள் ஓடி முடிந்து, தேநீருக்குப் பிறகு என் முறை வந்தபோது, அந்தப் பெடியனின் கதையைப் பெயரோ இடமோ சொல்லாமல், மூன்று கிழமை வீட்டில் நின்று திரும்பி வந்த நாள் வரைக்கும் சொன்னேன். "அவன் இப்போது உங்கள் அறை வாசலில் நிற்கிறான். முதலில் என்ன கேட்பீர்கள்?" என்றேன்.

"ஏன் அறிவிக்காமல் போனீர்?" என்றார் ஒருவர். "மெடிக்கல் இருக்கா?" இன்னொருவர். "ஜீ.பி.ஏ. என்ன?" மூன்றாமவர். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் எல்லாம் விசாரணைக் கேள்விகள். பின் வரிசையில் இருந்த ஒரு இளம் பெண் விரிவுரையாளர், மலையகத் தோட்டப் பாடசாலையிலிருந்து வந்தவர் என்று பிறகு அறிந்தேன், மெதுவாகக் கேட்டார்: "வீட்டுல இப்ப யாரு இருக்காங்க?"

மண்டபம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும்தான் அவன் அழுதிருப்பான். அழுதபிறகு மற்றக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கும்.

பிறகு நான் மாணவனாக நடித்தேன். மூத்த விரிவுரையாளர் ஒருவர், தலை நரைத்தவர், தானாகவே முன்வந்து ஆலோசகராக இருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நான். அவர் கேட்டார், நான் ஓம், இல்லை என்று சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து நிறுத்தி, என்ன பார்த்தீர்கள் என்று மற்றவர்களைக் கேட்டோம். "சேர், நீங்கள் அவரை இருக்கச் சொல்லேல்லை" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதரும் சிரித்துவிட்டு, எழும்பிப் போய் ஒரு கதிரையை இழுத்துத் தன் மேசைக்குப் பக்கவாட்டில் போட்டார். "முப்பது வருசமாக என்ர அறையில் மாணவருக்குக் கதிரை இல்லை. கோவைகள் வைக்கிற கதிரைதான் இருக்கு" என்றார். என் வீட்டு மேசையடியில் நின்ற பெடியன் எனக்கு நினைவு வந்தான். அந்த மனிதரின் நேர்மையை நான் இன்றுவரை மதிக்கிறேன்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் எழுதத்தான் வேண்டும். பதவியுயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை எண்ணப்படுகிறது, ஒரு பிள்ளையோடு செலவழித்த மணித்தியாலத்தை யார் எண்ணுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். நாற்பது பேரை ஒருவர் எப்படிப் பார்ப்பது என்றார் இன்னொருவர். நாங்கள் மனநல வைத்தியர் இல்லையே என்றார்கள். உண்மை. பல்கலைக்கழகத்தில் மாணவ ஆலோசகர் என்று வேறொரு பொறுப்பு உண்டு, வைத்திய அதிகாரி உண்டு, பகிடிவதைக்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமே உண்டு. கல்வி ஆலோசகர் எல்லாமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் எந்தப் பிரச்சினையை எந்தக் கதவுக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதோடு அந்தக் கதவுவரை கூடப் போகவேண்டும். "அங்க போய்க் கேளும்" என்றால் எங்கள் பிள்ளை அங்கே போகாது, நேரே பஸ் நிலையத்துக்குத்தான் போகும்.

நான் ஒன்றே ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன். எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்பார். மூன்றாம் நாள் யாராவது வீட்டுக்குப் போவார்கள். நீங்களும் ஒவ்வொரு விரிவுரைக்கும் கையொப்பம் வாங்குகிறீர்கள். அந்தத் தாள் எங்கே போகிறது? கோவைக்குள் போய், பதினைந்தாம் வாரம் கூட்டிக் கழித்து, பரீட்சைக்கு விடாமல் தடுப்பதற்கு மாத்திரம் வெளியே வருகிறது. அதே தாளை ஐந்தாம் வாரம் எடுத்துப் பார்த்தால் என்ன? இரண்டு கிழமை வராத இலக்கங்களை ஆலோசகரிடம் கொடுத்தால், நாற்பது பேரில் அன்றைக்கு அவர் தேடவேண்டியது மூன்று பேரோ நாலு பேரோதான். ஒரு தொலைபேசி அழைப்பு. "எங்க தம்பி நிக்கிறீர்?" அவ்வளவுதான். அந்த அழைப்பு 2019 பெப்ரவரியில் அக்கராயனில் ஒரு வயலுக்கு வந்திருந்தால், எண்பது வீதம் என்ற ஒன்று இருப்பதையும், விண்ணப்பிக்க வழி இருப்பதையும் அவன் அன்றே அறிந்திருப்பான்.

விதிகளை ஆலோசகர்களே சரியாக அறியாமல் இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் மாணவனின் 50 மணித்தியால உழைப்பு, ஆக 1500 மணித்தியாலம். விரிவுரையில் இருப்பது அதில் சிறு பங்குதான், மிச்சம் அவன் தானாகப் படிக்கவேண்டியது. இதை முதல் வாரத்தில் எத்தனை பேர் மாணவருக்கு விளங்கப்படுத்துகிறீர்கள் என்று பட்டறையை நடத்தியவர் கேட்டபோது மூன்று கைதான் எழும்பியது. ரியூசனில் குறிப்பு வாங்கிப் பாடமாக்கி வந்த பிள்ளைக்கு இந்தக் கணக்குத் தெரியாவிட்டால் முதலாம் வருடத்திலேயே மூழ்கிவிடும். அதுவும் தமிழில் படித்த விஞ்ஞானத்தை ஒரே இரவில் ஆங்கிலத்துக்கு மாற்றவேண்டிய பிள்ளை.

அமெரிக்கர்கள் இதை ஒரு தனித் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். 1972 இல் பேர்ன்ஸ் குரூக்ஸ்டன் என்பவர் கல்வி ஆலோசனையும் ஒரு கற்பித்தலே என்று எழுதினார். வைத்தியர் நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் ஆலோசகர் சொல்ல மாணவன் கேட்பது ஒரு வகை, இருவரும் சேர்ந்து பொறுப்பேற்று முடிவுக்கு வருவது இன்னொரு வகை என்று பிரித்தார். 1979 இல் அங்கே ஆலோசகர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கமும் உருவானது. பட்டறையில் இதுதான் அதிகம் சொல்லப்பட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனம் வேறிடத்தில் இருந்தது.

நம்முடைய மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஒரு சிறு நூல் உண்டு, இமாம் ஸர்னூஜியின் 'தஃலீமுல் முதஅல்லிம்'. மாணவன் எப்படிக் கற்கவேண்டும் என்பதுபற்றிய நூல். எண்ணூறு வருடம் பழையது. அதில், எந்தக் கல்வியைத் தேடுவது, எங்கே போவது என்பதில் மஷூரா செய்யாமல் இறங்காதே என்று மாணவனுக்குச் சொல்லப்படுகிறது. புகாரா நகருக்குப் போகிறவன் அவசரப்பட்டு ஓர் ஆசிரியரிடம் போய் இருந்துவிடவேண்டாம், இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்து, ஆராய்ந்து தெரிவு செய்யட்டும் என்ற அறிவுரையும் உண்டு. இமாம் புகாரி முதலில் ஃபிக்ஹில் தொழுகைப் பாடத்தைத் தொடங்கியபோது, ஆசிரியர் முஹம்மத் இப்னுல் ஹஸன் அவருடைய இயல்பைக் கண்டு, நீர் போய் ஹதீஸ் கலையைப் படியும் என்று திருப்பிவிட்டதாகவும் ஒரு கதை வருகிறது. வரலாற்றுக் கணக்குப்படி இது பொருந்தாது. முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானி மறைந்தது ஹிஜ்ரி 189, இமாம் புகாரி பிறந்தது 194. மௌலவி நண்பர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் எண்ணூறு வருடமாக மாணவருக்கு இந்தக் கதையைச் சொல்லிவந்தவர்கள் ஆசிரியரிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்பது கதையில் இருக்கிறது. தன் பாடத்துக்கு ஒரு மாணவன் குறைந்தாலும் பரவாயில்லை, அவனுக்குப் பொருத்தமான இடத்துக்கு அவனை அனுப்பு. இமாம் கஸ்ஸாலியும் 'இஹ்யா'வின் கல்விப் பகுதியில், மாணவனின் பிழையைப் பகிரங்கமாகப் போட்டுடைக்காமல் குறிப்பால் உணர்த்துவதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறார். அறிவித்தல் பலகையில் இலக்கத்தை ஒட்டுவதைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

எனக்கும் ஓர் ஆலோசகர் இருந்தார். அந்தப் பெயர் அப்போது தெரியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு வயது பத்து. புத்தளத்தில் கிடுகுக் கொட்டகைப் பாடசாலையில் படித்தேன். உயர்தரத்தில் புள்ளி போதவில்லை. கம்பஸ் இல்லை என்று தெரிந்த அன்று உப்பளப் பக்கம் போய்த் தனியே இருந்தேன். எங்களைப்போலவே அகதியாக வந்த ஆசிரியர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். பெறுபேற்றைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "உம்மா என்ன சொல்றா?" என்றுதான் கேட்டார். உம்மா சாப்பிடாமல் இருக்கிறா என்றேன். "அப்ப முதல்ல வா, ரெண்டு பேரும் போய் உம்மாவச் சாப்பிட வைப்பம்" என்றார். ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பிப்பதும், கலாசாலைக்குப் போவதும் அதற்குப் பிறகுதான் பேசப்பட்டது. விண்ணப்பத்தை அவரே வாங்கி வந்து, நான் எழுத, பக்கத்தில் இருந்து பார்த்தார். எழுதியது நான். இந்த வித்தியாசம் எனக்கு விளங்கப் பல வருடம் போனது.

பட்டறையில் முஸ்லிம் மாணவிகளைப் பற்றியும் ஒருவர் கேட்டார். ஆலோசகரின் அறைக்கு அவர்கள் வருவதே இல்லை, என்ன செய்வது? கதவைத் திறந்து வையுங்கள், சிநேகிதியோடு வரச்சொல்லுங்கள், நூலகத்தில் ஒரு மேசையில் வைத்துப் பேசுங்கள் என்றேன். அது அவர்களுக்கான பதில். இந்த இதழின் வாசகர்களுக்கு வேறொன்று சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டாம் வருடத்தில் கலியாணப் பேச்சோடு நின்றுபோகும் பிள்ளைகளைப் பற்றி எங்களுக்கெல்லாம் தெரியும். மீள்குடியேறிய நம் கிராமமொன்றில் ஒரு வாப்பா என்னிடம் கேட்டார்: "மாஸ்டர், அங்க ஒரு கஷ்டமெண்டா நான் ஆருக்குக் கோல் எடுக்கிற?" காசைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தைத் தொடங்கிய காலத்தில் ஏழைப் பிள்ளைக்குத் தடையாக நின்றது காசு. இன்றும் காசு தடைதான், மாதம் 5000 ரூபா மஹாபொலவில் என் பெடியன் எப்படிச் சீவித்தான் என்று நான் அறிவேன். ஆனால் நிதியங்களும் சங்கங்களும் புலமைப்பரிசில் காசோலையை மேடையில் வைத்துக் கொடுத்துப் படமெடுத்துக்கொண்ட பிறகு, அந்தப் பிள்ளையின் முதலாம் பருவப் பெறுபேறு என்ன என்று எத்தனை பேர் கேட்கிறோம்? பதாகை கட்டிய பாடசாலைக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அக்கராயனிலிருந்து முறிகண்டிக்கு ஏறி ஏ-9 வீதியில் கிளிநொச்சிப் பக்கம் திரும்பினால் அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்தபிறகு அங்கே திரும்பி வந்தது. ஒரு பீடமும் எங்களைப்போல அகதியாகி மீள்குடியேறியது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் பிறகு வந்தன. பட்டறையிலிருந்து வந்தபின் நான் செய்த ஒரே வேலை, ஒவ்வொரு வருடமும் பத்தாம் பதினொராம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போவது. கட்டடத்தைக் காட்ட அல்ல. முதலாம் வருட மாணவர்களோடு மர நிழலில் இருந்து, எது விளங்கவில்லை, யாரிடம் போனீர்கள் என்று கேட்க வைப்பதற்கு. முதல் தடவை என் பிள்ளைகள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் தடவை ஒரு பெண்பிள்ளை மட்டும், "வீட்ட போகவேணும் எண்டா ஆரிட்டக் கேக்கவேணும்?" என்று கேட்டாள்.

பட்டறை முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த நரைத்த மனிதர் எனக்கு அழைப்பெடுத்தார். "அந்தப் பெடியன் உண்மையான ஆள்தானே?" என்றார். ஓம் என்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டறிந்து, பட்டம் முடிப்பதற்கான உச்சக் கால எல்லை இன்னும் கடக்கவில்லை என்று விதியைப் பார்த்துச் சொன்னார். பீடச் சபைக்குக் கடிதம் எழுதலாம், எழுத வேண்டியது அவன்தான், தான் பார்த்துத் திருத்தித் தருவதாகவும் சொன்னார்.

பெடியன் இப்போது லீசிங்கில் எடுத்த நெல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறான். ஸ்கந்தபுரம், கோணாவில் என்று வயல் வயலாகப் போவான். தகப்பனுக்கு மருந்து, தங்கைக்கு ரியூசன், எல்லாம் அந்த மெஷினில். நான் விசயத்தைச் சொன்னபோது எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தான். வரம்பில் இருவரும் இருந்தோம். இந்தமுறை நான் ஒன்றும் சொல்லக்கூடாது என்று நிய்யத் வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"ஜூனியர் பட்ச்சோட இருந்து படிக்கவேணும் என்ன சேர்?"

"ஓம்."

"லீசிங் இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

"ஓம்."

நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். கொக்குகள் வெட்டிய வயலில் இறங்கத் தொடங்கியிருந்தன. பிறகு, கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று கேட்டான். ஆங்கிலத்தில் எழுதவேண்டுமா என்றும் கேட்டான். முதலில் தமிழில் எழுது, நடந்ததை நடந்தபடி எழுது என்றேன். மூன்று நாள் கழித்து ஒரு பயிற்சிக் கொப்பித் தாளில் எழுதிக் கொண்டுவந்தான். முதல் வசனம், தகப்பனுக்கு நடக்க ஏலாமல் போன நாளின் திகதி.

கடிதம் போனது. பதிலும் வந்தது, திரும்பச் சேரலாம் என்று. அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. தாய் என்னைக் காணும்போதெல்லாம், "நீங்கள் சொன்னாக் கேப்பான் சேர்" என்கிறார். நான் சொல்லவில்லை.